நிற்காத வண்டியும் வாய் திறந்த மாப்பிள்ளையும்

பெடலை அழுத்தி மிதிக்கிறேன். வண்டி நிற்கவில்லை. எழுந்து நின்று மொத்த உடம்பையும் அதன் மேல் போட்டு மிதிக்கிறேன். பிரேக் கட்டை கருகுகிற வாடை வருகிறது, கூடவே ரப்பர் தீய்கிற வாடையும் வருகிறது. வண்டி போய்க்கொண்டேதான் இருக்கிறது. எதிரே எங்கள் வீட்டு வைக்கோல் படப்பு.

வேகம் ஒன்றும் பெரிதில்லை. சந்தைக்குப் போகிறவர் நடக்கிற வேகம்தான். ஆனால் நிற்காத வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுவே போதும். நான் "ஏய்... ஏய்..." என்று வண்டியை அதட்டினேன், அது என்னமோ அத்துமீறிப் போகிற மாடு என்பதுபோல.

தகரக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் தங்கை தவமணியின் வீட்டுக்காரர், பெருமாள். லாரி டிரைவர். ஒரு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒத்தக்கடையில் வாடகை வீட்டில் இருந்தவர்களை வாடிப்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மாதங்களில் அவர் வாயிலிருந்து "ம்", "சரி", "போதும்" தவிர வேறு வார்த்தை நாங்கள் கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டோம். தெருவே கேட்டது. அதற்கு முன்னால் அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன டிராக்டர்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கடையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: வாடிப்பட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், கிணற்று மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டுவேன். சுற்றுகிற எதையும் பிரித்து மாட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு காயலாங்கடை. பழைய மோட்டார் வந்தால் கடைக்காரர் எனக்குத்தான் முதலில் போன் செய்வார். ஒருநாள் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு சின்ன டிராக்டர் வந்து கெடக்கு. பழைய மில்லு பங்களாவக் காலி பண்ணுனாக. வந்து பாருங்க, விட்டா வேற ஆளு தூக்கிருவான்" என்றார்.

"வேற ஆளு தூக்கிருவான்" என்று சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். போனேன். சாம்பல் நிறத்தில், பின்சக்கரம் இடுப்பு உயரம்கூட இல்லாமல், ஸ்டீரிங்கும் சீட்டும் வைத்து ஒரு வண்டி. கத்தரித் தோட்டத்தில் உழுதுவிடலாம் என்று கணக்குப் போட்டு, குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

இறக்கும்போதுதான் அடியில் பார்த்தேன். ஏர் மாட்ட இடமே இல்லை. வட்டமாக ஒரு தகரமும் அதற்குள் இரண்டு பிளேடும்தான் இருந்தன. அது புல்வெளியில் புல்லை மட்டும் சீராக வெட்டுகிற வண்டி.

என் அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டது: "புல்லு வெட்டவா வண்டி? அப்ப நம்ம வீட்ல மாடு எதுக்குடா நிக்குது?"

தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து பார்த்தார்கள். ஒருத்தர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், இன்னொருத்தர் சீட்டில் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுத்தார். எனக்கு மானம் போயிற்று. இதை எப்படியாவது ஓட்டிக் காட்டினால்தான் தலை நிமிர முடியும் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

வண்டிக்கு இரண்டு நோய். கியர் போட்டால் நகராது. கையால் தள்ளினால் பிரேக் பிடிக்காது. மற்றபடி நல்ல வண்டி.

விருந்தும் மருந்தும்

மாப்பிள்ளை மரியாதையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானே எடுக்க விடமாட்டோம். எடுத்துவிட்டால் அது எங்களுக்குக் கேவலம். ஒருநாள் இரண்டுநாள் வந்து போகிறவருக்கு அது சரி.

பெருமாள் மாதக்கணக்காக இருந்தார். அப்போதும் அம்மா அதை விடவில்லை. முதல் தோசை அவருக்கு, ஃபேனுக்கு நேரான கட்டில் அவருக்கு. அவர் ஊன்றுகோலைத் தேடிக் கையை நீட்டினால் போதும், "எதுக்கு மாப்ள எந்திரிக்கிறீக? என்ன வேணும்னு சொல்லுங்க" என்று நாலு பேர் ஓடுவோம். நான்தான் முதல் ஆளாக ஓடுவேன். அவரை ராஜா மாதிரி வைத்திருக்கிறோம் என்று எங்களுக்குப் பெருமை வேறு.

அந்த மனுஷனோ பதினாறு சக்கர லாரியைத் தன்னந்தனியாக வடக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தவர். போன இடத்தில் அவரே சமைத்து, அவரே டயர் மாற்றி, அவரே போலீஸிடம் பேசிச் சமாளித்தவர். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் தவமணியிடம் சொன்ன ஒரே விஷயம், "கிளட்ச் காலு போச்சு" என்பதுதானாம். கால் போச்சு என்றுகூடச் சொல்லவில்லை.

ஒருநாள் சொந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, யாரையும் குறிப்பிடாமல், "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தேன்னு பெரியவுக சொல்லுவாக" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவரை நான் அடிக்காமல் அனுப்பியதே பெரிய விஷயம். ஆனால் மாப்பிள்ளை அதைக் கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிறகு தட்டில் இரண்டாவது முறை சோறு வாங்குவதையும் நிறுத்திவிட்டார்.

தவமணி கொல்லையில் துணி துவைக்கும்போது என்னிடம் சொன்னாள்: "அண்ணே, வரவர அவரு என்னையக்கூட நேராப் பாக்க மாட்றாரு. இனிமே நான் எதுக்குன்னு ராத்திரி கேக்குறாரு. எனக்குப் பயமா இருக்குண்ணே." அவள் பிழிந்து வைத்த துணியை வாங்கிக் கொடியில் போட்டேன்.

மாவு மில் பெல்ட்

வண்டியை வாசலில் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். கியர் பாக்ஸைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, கிரீஸ் எல்லாம் திரிந்துபோன பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பல் சக்கரத்தில் பாதிப் பல்லைக் காணோம். அதை மதுரையில் லேத் பட்டறையில் கொடுத்து அதே அளவில் கடைந்து வாங்கினேன். கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சின்னக் கட்டைகள். அதுதான் பிரேக். கட்டை அப்பளம் மாதிரித் தேய்ந்திருந்தது. பழைய ஸ்கூட்டர் பிரேக் கட்டையை அறுத்து ஒட்டினேன்.

நான் வேலை செய்யும்போது மாப்பிள்ளையின் நாற்காலி மெதுவாகத் திரும்புவதை முதலில் கவனித்தவள் தவமணிதான். "அண்ணே, இன்னைக்கு அவரு டிவி பக்கமே போகல. ஒன்னையத்தேன் பாத்துக்கிட்டே இருக்காரு. சீக்கிரம் முடிச்சுராத, மெதுவாச் செய்யி" என்று காதில் ஓதினாள். அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டினேன்.

கடைசியில் பெல்ட். எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஓடுகிற பெல்ட் இற்றுப்போயிருந்தது. சரியான அளவு எங்கும் கிடைக்கவில்லை. மாவு மில்லுக்குப் போடுகிற பெல்ட் ஒன்று கடையில் கிடந்தது, கொஞ்சம் கட்டை, நீளம் பத்தாது. கடப்பாரை வைத்து நெம்பி ஏற்றிவிட்டேன். பெல்ட் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது.

"டைட்டா இருந்தா நல்லா இழுக்கும். என்ன மாப்ள?" என்று கேட்டேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு எச்சிலை முழுங்கிக்கொண்டு, "ம்" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. சாவி போடுகிற இடமும் செத்திருந்ததால் ஒயரை நேராக முறுக்கிவிட்டேன். மோட்டார்க் கடைக்காரன் புத்தி. அதற்கும் ஒரு "ம்" வந்தது. நல்லவேளை, புல் வெட்டுகிற பிளேடைக் கழற்றித் தனியே வைத்திருந்தேன்.

படப்புக்குள்

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருவோம். நான் பெடல் மேல் நிற்கிறேன், படப்பு நெருங்குகிறது. எஞ்சினை அணைக்கச் சாவியும் இல்லை.

"யோவ்! நியூட்ரல்ல தள்ளுய்யா!"

யார் குரல் என்றே முதலில் தெரியவில்லை.

"பெடலப் போட்டு மிதிச்சுக்கிட்டே நிக்கிற! பெல்ட்டு விடலய்யா! பெல்ட்டு இழுக்குது, கட்டை புடிக்குது, எப்புடி நிக்கும்? கியரத் தட்டுய்யா, தடிமாடு!"

கியரைத் தட்டினேன், அசையவில்லை. வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு படப்புக்குள் நுழைந்தது. வைக்கோல் என் தலையில் சரிந்தது. எஞ்சின் உள்ளேயே உறுமிக்கொண்டிருந்தது.

"சைலன்சரு சூடுய்யா! படப்பு பத்தப்போகுது! எறங்கு, எறங்கு!"

நான் இறங்கி வைக்கோலை வாரி எறிவதற்குள், பக்கத்தில் ஒரு கை வந்தது. துண்டைச் சுற்றிய கை. அது வைக்கோலை விலக்கி எஞ்சினுக்குள் போய் பிளக் ஒயரைப் பிடுங்கியது. எஞ்சின் அடங்கியது. பார்த்தால் மாப்பிள்ளை, ஒரு கையில் ஊன்றுகோல், ஒற்றைக் காலில், வேட்டி அவிழ்கிற நிலையில் நிற்கிறார். நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார், அந்த மேடு பள்ளத்தை எப்படித் தாண்டினார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. யாரும் ஓடிப்போய்ப் பிடிக்கவும் இல்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவமணியும் நானும் வண்டியைப் பின்னால் இழுத்தோம். மாப்பிள்ளை திட்டுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பெல்ட்டு கட்டைன்னு அன்னைக்கே தெரியும். பெடல மிதிச்சா அது தொவளணும். தொவண்டாத்தேன் வண்டிய விடும். தந்தி மாதிரி இழுத்துக் கட்டிட்டு நல்லா இழுக்கும்னா? இழுத்துச்சுல்ல! ஒயர நேரா முறுக்குனியே, எமெர்ஜென்சிக்கு என்ன செய்வ? இம்புட்டு வருசம் கடை வச்சிருக்க, புத்தி எங்கய்யா வச்சிருக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டு வாசலில், என் அம்மா முன்னால், தெரு முன்னால். நானும் கத்தினேன். "அன்னைக்கே தெரியும்னா அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே மாப்ள? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

"எப்புடிச் சொல்லுறது?" அவர் குரல் உடைந்தது. "ஒங்க வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, ஒங்க வேலைக்கே நொட்டை சொல்லச் சொல்றீகளா?"

எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நாங்கள் அவருக்கு மரியாதை கொடுத்தோம், அவர் எங்களுக்கு மரியாதை கொடுத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனுஷனை நாற்காலியோடு கட்டி வைத்திருந்தோம்.

தவமணி அழுதுகொண்டே சிரித்தாள். "அண்ணே, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. லாரியில கிளீனரத் திட்டுறப்ப இப்புடித்தேன் திட்டுவாரு" என்றாள்.

"நெனச்சுக்கிறதுக்கு என்ன இருக்கு? மச்சானத் திட்ட மாப்ளைக்கு இல்லாத உரிமையா?" என்றேன். மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஸ்பேனர எடுங்க" என்றார்.

சாக்கு விரிப்பு

ஒரு சாக்கை விரித்து வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அம்மா பதறிவிட்டது. "மாப்ளைய மண்ணுல ஒக்கார வச்சுட்டியேடா! நாலு பேரு பாத்தா நம்மளப் பத்தி என்ன பேசுவாக?"

தவமணி அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "பேசட்டும்மா. நீ போயி ஒலையப் போடு" என்றாள்.

மறுநாள் பெல்ட் வாங்க மதுரைக்குக் கிளம்பினோம். நான் பைக்கில் போய் வாங்கி வருகிறேன் என்றதற்கு, "நீங்க வாங்குன லட்சணந்தேன் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவரும் பஸ் ஏறினார். விபத்துக்குப் பிறகு அவர் ஏறிய முதல் பஸ். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நினைத்து வருத்தப்படுகிறாரோ என்று கவலைப்பட்டேன். சமயநல்லூர் தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, "கிளட்ச்ல இருந்து காலையே எடுக்க மாட்றான் பாருங்க. பிளேட்டு கருகிரும்" என்றார்.

கடையில் ஒரு பெல்ட்டையும் அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றையும் தோளில் மாட்டி, கையால் அழுத்தி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். கடைக்காரர் பொறுமையிழந்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த வண்டியில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே பெடல், அது இடது பக்கம். அந்தச் சமயத்தில்தான் புண் நன்றாக ஆறி, ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைக்குச் செயற்கைக் கால் மாட்டியிருந்தார்கள். அதை வைத்து மிதித்துவிடலாமே என்றேன்.

"அது பொம்மைக் காலு மச்சான். மிதிச்சா எம்புட்டு மிதிச்சேன்னு எனக்கே தெரியாது. பிரேக்கு கைக்கு வரட்டும்" என்றார்.

அதே காயலாங்கடையில் ஒரு பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கைக் கண்டுபிடித்தோம். அதைச் சீட்டுக்கு வலது பக்கம் வெல்டிங் வைத்து, கம்பி போட்டுப் பெடலோடு இணைத்தோம். இழுத்தால் முதலில் பெல்ட் துவள வேண்டும், அதற்கப்புறம்தான் கட்டை பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் இரண்டும் கருகும். அந்த ஒரு நூல் இடைவெளிக்காக மாப்பிள்ளை என்னை எத்தனை தடவை கம்பியைக் கழற்றி மாட்ட வைத்தார் என்று கேட்காதீர்கள். இடையில் ஒருமுறை நான் ஸ்பேனரை வீசி எறிந்துவிட்டு எழுந்து போனேன். "போறவரு அந்தப் பதினாலு நம்பர் ஸ்பேனரக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

சாவியையும் அவர் விடவில்லை. என் கையாலேயே புது சுவிட்ச் போட வைத்தார்.

ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தார். அந்தச் சின்ன வண்டியில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் பின்னால் பதினாறு சக்கரம் வருகிற மாதிரி இருந்தது. வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். படப்புக்கு நேராக வந்து லீவரை இழுத்தார். வண்டி நின்றது. சத்தம் இல்லை, வாடை இல்லை. இறங்கி, குனிந்து, பிரேக் தட்டின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"சூடே ஏறல" என்றார். தவமணி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஒத்தக்கடையில்

நம் ஊரில் புல்லை யார் வெட்டச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்த என் வாயை ஒத்தக்கடை இருக்கிற மேலூர் ரோடு மூடியது. அந்தச் சுற்று வட்டாரத்தில் கல்லூரி மைதானம், புல்வெளி போட்ட கல்யாண மண்டபம், புதுக் குடியிருப்புக்காரர்களின் பூங்கா என்று ஏகப்பட்ட புல் இருக்கிறது. கழற்றி வைத்த பிளேடைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். முதலில் ஒரு கல்லூரி மைதானத்துக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அங்கே பார்த்தவர்கள் அடுத்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையும் தவமணியும் திரும்ப ஒத்தக்கடையிலேயே வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கிளம்பும்போது அம்மா மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, "இனி வந்தா ரெண்டு நாளுதேன் இருக்கணும், அப்பத்தேன் மரியாதை" என்று கேலி பேசி அனுப்பியது. மாப்பிள்ளை இன்னொரு உருண்டைச் சோறு கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

என் கடைப் பக்கம் வந்தாரென்றால் இப்போதும் நொட்டைதான். காயில் சரியில்லை, ஸ்பேனர் வைத்த இடம் சரியில்லை, டீ சரியில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் தவமணி போன் செய்தாள். எடுத்ததும் பொரிந்து தள்ளினாள்.

"அண்ணே, ஒங்க மாப்ள செய்றது நல்லாவா இருக்கு? விடியக்காலையில வண்டிய எடுத்துட்டுப் போனவரு. மணி என்னாச்சு பாரு. சோறு ஆறி அவலாப் போச்சு. போன் பண்ணா எடுக்க மாட்றாரு. எடுத்தா, இந்தா வாரேன் இந்தா வாரேன்னு சொல்லிட்டு வச்சுர்றாரு. லாரி ஓட்டுனப்பவும் இதே பொழப்பு, புல்லு வெட்டுறப்பவும் இதே பொழப்பா?"

எனக்குப் பழைய பதற்றம் வந்துவிட்டது. சட்டையைத் தேடிக்கொண்டே, "நான் வேணும்னா பைக்க எடுத்துட்டுப் போயி கூட்டிட்டு வந்துரவா?" என்றேன்.

தவமணி குரலைத் தணித்துச் சொன்னாள்:

"வேணாம்ணே. அவரா வருவாரு."